பன்னிரண்டு பவுண்டும் ஒரு சட்டை வாலும்

விஸ்கான்சினில், ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஹார்லன் ஸ்கார், மான்கறி நிரம்பிய ஃப்ரீசரைத் தனியாளாக நகர்த்தப் போனார். ஃப்ரீசர் எழவில்லை. ஹார்லனும் எழவில்லை. கேரேஜ் தரையில் முக்கால் மணி நேரம் மல்லாந்து கிடந்து, கூரையில் மூன்று குளவிக்கூடு இருப்பதை எண்ணி முடித்த பிறகுதான் மனைவி ஆர்டிஸ் வந்து பார்த்தார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே முதுகுல பன்னிரண்டு பவுண்டுக்கு மேல ஏத்தாதீங்க" என்றார். கிலோவில் அஞ்சரைகூட வராது. டாக்டர்கள் இப்படி நூறு சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம். இந்த டாக்டர் அதை ஆர்டிஸின் முன்னால் சொல்லிவிட்டார். ஆர்டிஸ் முப்பத்தோரு வருஷம் ஊர்த் தபாலாபீசில் பார்சல் எடை போட்டவர். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்வார். தராசு அதை ஒத்துக்கொள்ளும். ஒரே ஒரு முறை தராசு ஒத்துக்கொள்ளவில்லை. தராசைத்தான் பழுதுபார்க்க அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. வேட்டைக்குப் போறப்ப தோள்ல தொங்குறது, இடுப்புல கட்டுறது, கையில பிடிக்கிறது எல்லாத்தையும் முதுகுதான் சுமக்குது. எல்லாம் கணக்கு. கால்சட்டையும் பூட்ஸும் காலோட பாடு, அதை விட்டுடறேன்."

"சட்டை?"

"சட்டை எங்க இருக்கு?"

ஹார்லன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு அவுன்ஸ் கூடினாலும், இந்த வருஷம் நீ டெல்மர் பெட்டியில."

டெல்மர் ரூட், ஆர்டிஸின் தம்பி. வைக்கோல் விற்கிறவன். ஹார்லன் வேட்டையாடும் மேட்டின் அடிவாரத்தில், தன் சொந்த நிலத்தில், நாலு கம்பத்தின் மேல் ஒட்டுப்பலகையால் ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறான். அதற்குள் எரிவாயு அடுப்பு, சுழலும் நாற்காலி, ஒரு வாளி சூரியகாந்தி விதை. ஜன்னலில், துப்பாக்கிபோல் விசையை அழுத்தினால் அம்பு பாயும் குறுக்குவில்லை நீட்டி வைத்துக்கொண்டு, மான் வந்தால் வரட்டும் என்று பேசிக்கொண்டிருப்பான். ஹார்லன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காக ஒரே ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். டெல்மரின் பித்தப்பை ஆபரேஷன் கதை அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. சாயங்காலம் மங்கும்போது கதையில் டெல்மருக்கு இன்னும் மயக்க மருந்தே கொடுத்திருக்கவில்லை.

செய்தி போன அன்றே டெல்மர் வந்துவிட்டான்.

"ரெண்டாவது நாற்காலி வாங்கியாச்சு மச்சான். அதுவும் சுத்தும். காப்பி வைக்க ஓட்டை இருக்கு."

"நான் இன்னும் வரேன்னு சொல்லல."

"முதுகு சொல்லிடுச்சே."

ஹார்லனின் இடம் மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளை ஓக் மரம். செப்டம்பரில் அதன் கொட்டைகள் விழ ஆரம்பித்தால், சுற்றியுள்ள மான்களுக்கெல்லாம் யாரோ கடிதம் போட்டதுபோல் வந்து நிற்கும். நாற்பத்தொரு வருஷமாக அவர் அந்த மரத்தில்தான் ஏறுகிறார். அரசாங்க நிலம் என்பதால் மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, ஏணியை விட்டுவிட்டு வரவும் கூடாது. சுமந்து ஏறி, சுமந்து இறங்க வேண்டும். அவருடைய பழைய இரும்பு நாற்காலியும் ஏணிக்குச்சிகளும் சேர்ந்து முப்பத்தெட்டு பவுண்டு. ஆர்டிஸ் அதை வீட்டிலிருந்த பழைய தபால் தராசில் வைக்கக்கூட இல்லை. வாசலில் நின்று பார்த்தார். அது போதுமாக இருந்தது.

எனவே ஹார்லன் அறுபத்தெட்டாவது வயதில் சேணத்துக்கு மாறினார். குதிரைக்குப் போடும் சேணம் அல்ல. மரத்தில் நாற்காலி கட்டி உட்காருவதற்குப் பதில், இடுப்பில் ஒரு துணித் தொட்டிலை மாட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிய கயிற்றில் தொங்குவது. பாதம் வைக்க மரத்தில் ஒரு சின்னப் பலகை. மான் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் நழுவி, மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் முழுக்கப் பார்சல்கள் வந்தன. ஆர்டிஸ் வாசலிலேயே வாங்கி, பிரிக்காமலே சொன்னார்.

"ரெண்டு பவுண்டு, பதினோரு அவுன்ஸ். என்ன இது?"

"சேணம். பஞ்சு வெச்சது. நாள் பூரா உட்காரலாமாம்."

"உட்கார வீட்டுல சோபா இருக்கு. திருப்பி அனுப்பு."

அடுத்த சேணம் வெறும் வலைத்துணி. ஒன்றரை பவுண்டு. கொல்லை மேப்பிள் மரத்தில் மாட்டிப் பார்த்தபோது அது மெல்ல மேலேறி அக்குளுக்கு வந்துவிட்டது. ஹார்லன் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டு, துணி உலர்த்துகிற கொடியில் போட்டதுபோல் இருபது நிமிஷம் தொங்கினார். கீழே ஆர்டிஸ் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா?"

"காத்தோட்டமா இருக்கு."

தொடை வாரை இறுக்கிக் கட்டியதும் அது சொன்ன பேச்சைக் கேட்டது. சேணம் முடிவாயிற்று.

அடுத்து ஏறுகுச்சி. இரண்டு பக்கமும் கால் வைக்கிற படி உள்ள அலுமினியக் குச்சிகளை மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வாரால் கட்டி ஏறுவதுதான் வழக்கம். நாலு குச்சி பத்து பவுண்டு. கார்பனில் செய்தது பாதி எடை. விலையைக் கேட்டால் மரத்தையே வாங்கிவிடலாம்போல் இருந்தது. ஒரு வாரம் தாடியைச் சொறிந்து யோசித்தபின் ஹார்லன் ஒரே குச்சி போதும் என்றார். அதில் ஏறி நின்று, கயிற்றில் தொங்கி, குனிந்து அந்தக் குச்சியையே அவிழ்த்து மேலே கட்டி, மறுபடி ஏறுவது. உச்சியில் கால்பலகையை மாட்டுவது. இறங்கும்போது கயிற்றிலேயே வழுக்கி வந்துவிடலாம்.

"ஒவ்வொரு அடியும் ரெண்டு தடவை ஏறணும்" என்றார் ஆர்டிஸ்.

"எடை ஒரு தடவைதானே."

ஆர்டிஸ் அதை மனசுக்குள் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஹார்லனுக்கு அந்த வாரம் முழுக்க நல்ல பசி.

பிறகு அரைப்பதும் அறுப்பதும் தொடங்கியது. பையின் இரும்புக் கொக்கிகள் போய் முடிச்சு வந்தது. பையின் மூடி போயிற்று. கத்தியின் கைப்பிடியில் பாதி போயிற்று. தண்ணீரை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போவதாக முடிவாயிற்று. வயிறு முதுகல்ல என்று ஆர்டிஸும் ஒத்துக்கொண்டார். போன் கால்சட்டைப் பைக்குப் போனது. தாடியை மழித்தால் எவ்வளவு குறையும் என்று ஹார்லன் ஒருநாள் கேட்டார். தாடி கணக்கில் இல்லை என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். கால்பலகையில் ஓட்டை போடலாம் என்று துளைப்பான் எடுத்தார். மரத்தைச் சுற்றும் கயிற்றில் நாலு அடி வெட்டலாம் என்று கத்தியும் எடுத்தார். ஆர்டிஸ் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நீ நிக்கிறதையும் தொங்குறதையும் தொடாதே. மத்ததை எல்லாம் சப்பித் துப்பு, எனக்கென்ன."

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சேணம், கயிறுகள், குச்சி, பலகை, பை, வில், மூன்று அம்பு, கம்பளிச் சட்டை எல்லாம் தபால் தராசில் ஏறின. பன்னிரண்டு பவுண்டு, இரண்டு அவுன்ஸ்.

"சட்டையை விடு" என்றார் ஆர்டிஸ். "ஒண்ணேமுக்கால் பவுண்டு. இப்ப பேப்பர் மாதிரி சட்டை விக்கிறான்."

இங்கேதான் சிக்கல். அந்த வட்டாரத்து வேட்டைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மானைக் குறிவைத்துத் தவறவிட்டவன் வீடு திரும்பியதும், சட்டையின் பின்புறம் இடுப்புக்குக் கீழே தொங்கும் வால்பகுதியைக் கத்தரித்துவிடுவார்கள். அதில் பெயரும் தேதியும் எழுதி ஹார்லனின் கேரேஜ் உத்தரத்தில் ஆணியடிப்பார்கள். உத்தரத்தில் முப்பத்துநாலு வால்கள் இருந்தன. பதினொன்று டெல்மருடையவை, ஒன்று, பாதிரியார் என்றும் பாராமல் வெட்டியது. ஹார்லனுடையது ஒன்றுகூட இல்லை. நாற்பத்தொரு வருஷமாக அதே சிவப்பும் கறுப்புமான கட்டம்போட்ட கம்பளிச் சட்டை, நீளமான வால் முழுசாக. கடைக்குப் போகும்போதுகூட அதை உள்ளே சொருகமாட்டார்.

"சட்டை வரும்" என்றார் ஹார்லன்.

"அப்ப ரெண்டு அவுன்ஸ்?"

"பார்த்துக்கறேன்."

வேட்டை திறக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆர்டிஸ் தோட்டத்தில் தக்காளி பறிக்கப் போயிருந்தபோது ஹார்லன் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு மெல்லிய இழுகயிறு, முப்பது அடி, உள்ளங்கையில் அடங்கும் சுருள். தராசில் போட்டார். சரியாக இரண்டு அவுன்ஸ். அது எதற்கு என்று ஒரு கணம் யோசித்தார். பெரிதாக எதற்கும் இல்லை என்று தோன்றியது. சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆர்டிஸ் எடை போட்டார். பன்னிரண்டு பவுண்டு, ஒரு இம்மியும் கூடவில்லை, குறையவும் இல்லை. அவர் தராசைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷத்தில் ஒரு ஒட்டுத்தாளில் எடையை எழுதிப் பையின்மேல் ஒட்டினார். ஹார்லன் முறையாகத் தபாலில் சேர்ந்த பார்சல்போல் மேடேறினார்.

முதுகு முணுமுணுக்கக்கூட இல்லை. ஓக் மரத்தடியில் கொட்டைகள் பாக்குப் போல் சிதறிக் கிடந்தன. நாற்பத்தொரு வருஷமும் செய்ததையே அன்றும் செய்தார்: வில்லை மரத்தடியில் இலைமேல் சாய்த்து வைத்தார், இரண்டு கையும் வேண்டுமே. குச்சியைக் கட்டினார், ஏறினார், தொங்கினார், குனிந்தார், அவிழ்த்தார், கட்டினார். முக்கால் மணி நேரத்தில் இருபதடி உயரம். பலகையை மாட்டி, பாதம் வைத்து, சேணத்தில் சாய்ந்தார். தொட்டில் அவரை ஏந்திக்கொண்டது. மேட்டின் அடியில் டெல்மரின் பெட்டி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஹார்லன் அதை ரசித்துப் பார்த்துவிட்டு, வில்லை மேலே இழுக்க இடுப்பில் கை வைத்தார்.

இடுப்பில் கயிறு இல்லை.

இழுகயிறு எதற்கு என்பது அப்போது அவருக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. ஒரு முனை வில்லில், ஒரு முனை இடுப்பில். ஏறி முடித்தபின் வில்லைத் தூக்க. அதற்கு மட்டுந்தான்.

இறங்கி ஏறலாம் என்று அவர் குனிந்த நேரத்தில் புதருக்குள் இலை நொறுங்கியது. பத்துக் கிளைக் கொம்பன் மான் ஒன்று வெளியே வந்தது. கடன் வசூலிக்க வந்தவன்போல் நேராக மரத்தடிக்கு வந்து கொட்டை தின்ன ஆரம்பித்தது. இருபதடி மேலே ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வேட்டை வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கொம்பு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவரும் இவ்வளவு கச்சிதமாக ஒளிந்ததில்லை.

கொம்பன் வில்லை மோந்து பார்த்தது. பிடியில் நாற்பத்தொரு வருஷத்து வியர்வை ஊறிய தோல், உப்பு. நக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் நக்கி முடித்து, மூக்கால் புரட்டி, மறுபக்கம் நக்கியது. பிறகு காலை மடித்து வில்லின் பக்கத்திலேயே படுத்து அசைபோட்டது.

ஹார்லன் இரண்டு பூட்ஸ் நாடாவையும் உருவி முடிச்சுப் போட்டு இறக்கிப் பார்த்தார். பதினோரு அடி குறைந்தது. அங்கே அவ்வளவு நீளமான கயிறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார். அதை அவிழ்த்தால் வில்லிருக்கும் இடத்துக்கு நேராகவே போய்விடலாம், ஆனால் ஆர்டிஸ் தொடாதே என்று சொல்லியிருந்தார்.

ஒரு மணி நேரம் போயிற்று. கொம்பன் எழுந்து, ஞாபகம் வந்ததுபோல் இன்னொரு வாய் நக்கக் குனிந்தது. நிமிர்ந்தபோது வில்லுக்கும் நாணுக்கும் நடுவே அதன் இடக்கொம்பு இருந்தது. தலையை ஒரு முறை ஆட்டியது. வில் கழன்று விழாமல் நன்றாக உட்கார்ந்தது. கொம்பன் அதற்குமேல் அலட்டிக்கொள்ளவில்லை. வில்லை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவன்போல் மேட்டிலிருந்து இறங்கிப் போயிற்று.

கால் மணி நேரத்தில் ஹார்லனின் போன் அதிர்ந்தது. டெல்மர்.

"மச்சான், மரத்துலதானே இருக்க?"

"ஆமா" என்று எழுதினார்.

"வில்லு?"

ஹார்லன் கீழே வெறும் இலைகளைப் பார்த்தார்.

"ஏன் கேக்குறேன்னா, அது இந்தப் பக்கம் வருது."

"அம்பை விடு."

ஹார்லன் போனைப் பார்த்தபடியே தொங்கினார். பிறகு வந்தது.

"யோசிக்கிறேன். அவன்கிட்டயும் ஆயுதம் இருக்கு."

இருட்டுவதற்குள் மூவரும் கேரேஜில் இருந்தார்கள். ஃப்ரீசரின்மேல் தராசு. டெல்மர் வில்லைக் கொண்டுவந்திருந்தான். வேலியைத் தாண்டும்போது கம்பியில் மாட்டிக் கழன்றதாம். அவன் அம்பு விடவில்லை. சிரிப்பில் குறுக்குவில் ஜன்னலுக்கு வெளியே விழுந்துவிட்டது.

ஆர்டிஸ் ஏப்ரன் பையிலிருந்து சின்னச் சுருளை எடுத்து ஃப்ரீசர்மேல் வைத்தார்.

"இது என்ன?"

"கயிறு."

"எங்க இருந்துச்சு தெரியுமா?"

"ரொட்டி டப்பாவுக்குப் பின்னால" என்றார் ஹார்லன். "நல்ல இடம்னு நினைச்சேன்."

"நான் தினம் ரொட்டி எடுக்கிறவ."

"அது அப்புறந்தான் தோணுச்சு."

ஆர்டிஸ் சுருளை மற்றச் சாமான்களோடு தராசில் வைத்தார். பன்னிரண்டு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். முள் அசையாமல் நின்றது.

"இது இல்லாம ஏறுறதும் ஒண்ணுதான், ஏறாம இருக்கிறதும் ஒண்ணுதான். இதோட ஏறினா ரெண்டு அவுன்ஸ் ஜாஸ்தி. நான் சொல்லிட்டேன், ஹார்லன்."

"நாற்காலிக்கு மெத்தை போட்டிருக்கேன் மச்சான்" என்றான் டெல்மர். அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். "காலையில அஞ்சரைக்கு வந்தா போதும். அந்த ஆபரேஷன் கதையை நாம பாதியில விட்டோம், ஞாபகம் இருக்கா?"

ஹார்லன் ஃப்ரீசரைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், தராசின்மேல் மடித்துக் கிடந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தார். அண்ணாந்து உத்தரத்தையும் பார்த்தார். முப்பத்துநாலு வால்களும் அசையாமல் தொங்கின. பிறகு சொன்னார்:

"கத்தரிக்கோல் எங்க?"

"எதுக்கு?"

"நான் இன்னைக்குத் தவறவிட்டேன்."

டெல்மருக்கு இது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான். நாற்பது வருஷமாக அந்தச் சட்டை வாலை வெட்ட அவனைவிட ஆசைப்பட்டவன் எவனுமில்லை. இப்போது அவனே குறுக்கே நின்றான்.

"அது தவறினதா ஆகாது. அம்பே விடல. அம்பு விடலைன்னா வால் வெட்டக் கூடாது. நீ போட்ட சட்டம் மச்சான் இது. நான் அம்பை வீட்டுல மறந்துட்டுப் போன வருஷம் நீயே சொன்னது. அக்கா, நீயும் இருந்த."

"இருந்தேன்."

"டெல்மர்" என்றார் ஹார்லன், "என் வில்லையே ஒரு மான் எடுத்துட்டுப் போயிருக்கு. இதைவிட ஒரு மனுஷன் என்னத்தைத் தவறவிட முடியும்?"

இருவரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். அவர் சட்டையை எடுத்து, வால்பகுதியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

"தவறினதுதான்" என்றார்.

வழக்கப்படி வெட்டவேண்டியவன், உடன் வேட்டைக்குப் போனவன். டெல்மர் கத்தரிக்கோலை வாங்கினான். கம்பளி கனம், மெதுவாகத்தான் அறுந்தது. பாதியில் நிறுத்தினான்.

"இன்னும் யோசி மச்சான். சுத்துற நாற்காலி."

"வெட்டு. கோணலா வெட்டாதே."

கோணலாகத்தான் வெட்டினான். துண்டைத் தராசில் தனியாகப் போட்டார்கள். இரண்டேகால் அவுன்ஸ். கயிற்றின் இரண்டு அவுன்ஸ் போகக் கால் அவுன்ஸ் மிச்சம். அதில் ஒரு துண்டு சாக்லேட் கொண்டுபோகலாம் என்றார் ஆர்டிஸ். பழைய ஒட்டுத்தாளைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதி ஒட்டினார். ஹார்லன் வாலில் தன் பெயரையும் தேதியையும் தானே எழுதி, ஸ்டூலில் ஏறி ஆணியடித்தார். பாதிரியாரின் வாலுக்குப் பக்கத்தில் இடமிருந்தது.

டெல்மர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"மெத்தையைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

ஹார்லன் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் இடுப்பில் காற்று நுழைந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் முதல் முறை.

"வேண்டாம், வை" என்றார். "மழை பெய்தா வர்றேன். அந்தப் பித்தப்பை வெளிய வந்துச்சா இல்லையான்னு எனக்கும் தெரிய வேண்டாமா."

மறுநாளிலிருந்து டெல்மர் தினமும் விடியற்காலையில் முற்றத்தில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை வழியில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வயலில் அறுத்துப்போட்ட புல் காய்ந்துகொண்டிருக்க, மழை வேண்டி நின்ற வைக்கோல்காரனை விஸ்கான்சினில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. ஒன்பதாம் நாள் பெய்தது. பாதி வைக்கோல் பாழ். அஞ்சரை மணிக்கு டெல்மர் பெட்டியில் அடுப்பைப் பற்றவைத்து, இரண்டாவது நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹார்லன் வாலில்லாத சட்டையை ஒரு கையால் பின்னால் இழுத்துப் பிடித்தபடி ஏணியில் ஏறி வந்துகொண்டிருந்தார்.